மூச்சிரைப்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்

மே மாதம் பிறந்தால் வடசென்னையின் எண்ணூருக்கு இரண்டு விருந்தாளிகள். ஒன்று கத்திரி வெயில். இன்னொன்று, கேள்வித்தாளோடு வரும் இன்டர்ன் பிள்ளைகள். இரண்டும் தேதி தவறாமல் வரும், தேதி தவறாமல் போகும்.

தாழங்குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த அக்காவின் முன்னால் ஒரு பெண்பிள்ளை குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டது: "ஆன்ட்டி, கடந்த பன்னிரண்டு மாதங்களில் உங்களுக்கு மூச்சில் விசில் சத்தம் வந்ததுண்டா?"

அக்கா நிமிர்ந்தார். "வீசிங்கையா கேக்குற கண்ணு? அது போயிருந்தாத்தானே வர்றதுக்கு."

'ஆம்' என்ற கட்டத்தில் ஒரு டிக் விழுந்தது. அடுத்த கேள்வி.

கேள்விகளுக்கு முன்னால் ஓர் ஒப்புதல் படிவம் உண்டு. அதை நான் ரசித்துப் படிப்பவன். பங்கேற்பது உங்கள் விருப்பம், எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்று இருக்கும். என்ன மரியாதை! 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், கோரமண்டல் உர ஆலைக்குக் கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்தில் யாரும் இப்படியொரு படிவத்தை நீட்டவில்லை. ஜனங்களாகவே விலகிக்கொண்டார்கள், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் ஓடி. நாற்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்குப் போட்டு 5.92 கோடி ரூபாய் இழப்பீடு விதிக்கலாம் என்றது. மூச்சுக்கு என்ன ரேட் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

படிவத்தின் இன்னொரு வரி இதைவிட அழகு: இந்த ஆய்வால் உங்களுக்கு நேரடிப் பயன் எதுவும் இல்லை. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குக் கம்பெனி தொடங்கிய 1965இலிருந்து எங்கள் வட்டாரத்துக்கு வந்த எத்தனையோ காகிதங்களில், உண்மையை எழுத்தில் கொடுத்தது இந்த ஒரு காகிதம்தான்.

பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. வெயிலில் தொப்பி இல்லாமல் நடக்கிறார்கள், கொடுத்த மோரை மறுக்காமல் குடிக்கிறார்கள், ஒன்றிரண்டு பேர் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டையைப் பார்த்துக் கண் கலங்கவும் செய்கிறார்கள். என் கோபம், அவர்களை அனுப்புகிறவர்கள்மேல். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டில் 88 தொழிற்பகுதிகளை அளந்து, 43 இடங்களைக் கடும் மாசு என்று பட்டியல் போட்டது. மணலி அதில் ஒன்று. அப்போது ஒன்றாம் வகுப்பில் 'அணில், ஆடு' படித்த பிள்ளை இப்போது பட்டம் வாங்கி, "உங்கள் பகுதியில் மாசு இருப்பதாகக் கருதுகிறீர்களா?" என்று கேட்க வருகிறது. அந்தப் பிள்ளை எழுதும் அறிக்கையின் கடைசிப் பக்கம் என்ன சொல்லும் என்று குப்பத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும்: 'மேலும் ஆய்வு தேவை.' தேவைதான். யாருக்கு என்பதுதான் கேள்வி. ஆய்வு நடக்கிறவரை ஆலையை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. ஆய்வு முடிந்தால் புது ஆய்வு.

சரி, இந்த வேலைக்கு யார் வரலாம்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் மருத்துவ மாணவர்களுக்கு இரண்டு மாத உதவித்தொகை தருகிறது. நல்ல திட்டம், குறை சொல்ல வாய் வரவில்லை. எங்கள் நுரையீரல் கெடுவதற்கு இருபது வருஷம் ஆனது. அதைப் படித்து முடிக்க இரண்டு மாதம் போதும் என்கிற வேகம்தான் மலைக்க வைக்கிறது. நிதி ஆயோக்கில் ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரை இன்டர்னாக இருக்கலாம். சம்பளம் கிடையாது, அதை விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது, டெல்லியில் அறை எடுத்து, சாப்பிட்டு, ஆட்டோவுக்கும் கொடுத்து, ஏழைகளின் ஆரோக்கியத்துக்குக் கொள்கை வகுக்கக் கையில் காசிருக்கும் பிள்ளையாக இருக்க வேண்டும்.

அக்காவின் மகள் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி. அவளும் ஓர் இடத்துக்கு விண்ணப்பித்தாள். தேர்வானாள். மூன்று மாதம், சம்பளமில்லை, பயணச்செலவு உங்களுடையது என்று கடிதம் வந்தது. "அனுபவம் கெடைக்கும்னு சொல்றாங்கமா" என்றாளாம். அக்கா கேட்டாராம்: "இருபத்தொரு வருஷமா இங்க நீ மூச்சு வுட்டதுல கெடைக்காத அனுபவமாடி?"

முதலமைச்சரின் ஃபெலோஷிப் 2022இல் வந்தது. முப்பது பேர், இரண்டு ஆண்டு, மாதம் ஐம்பதாயிரத்துக்குக் குறையாத தொகை. கொடுக்கட்டும், படித்த பிள்ளைகள். அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடுவீடாக ஏறி இறங்கி பி.பி., சுகர் பார்க்கும் பெண்களுக்குத் தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய். அதற்குப் பெயர் ஊக்கத்தொகை. ஊதியம் என்று சொல்லிவிட்டால் பின்னாலேயே சட்டம் வந்துவிடும். ஊக்கத்தொகை என்றால் கைதட்டல் மட்டும் வரும். 2024இல் அந்தத் திட்டத்துக்கு ஐ.நா. விருதே வந்தது. 2020 மே, ஜூனில் சென்னையிலேயே அதிகக் கொரோனா தொற்று ராயபுரம் மண்டலத்தில் இருந்தபோது, கதவு கதவாகத் தட்டிக் காய்ச்சல் கேட்டவர்களும் இப்படிப்பட்ட அக்கம்பக்கத்துப் பெண்களும் பையன்களும்தான். அவர்களை எந்தக் கருத்தரங்கிலும் ஆய்வாளர் என்று அழைத்து நான் கேட்டதில்லை.

இத்தனை ஃபெலோஷிப் இருக்கும்போது எங்களுக்கும் ஒன்று இருக்கட்டும் என்று விளம்பரம் எழுதி வைத்திருக்கிறேன். வெளியிட விரும்புவோர் எடுத்துக்கொள்ளலாம்.

பதவி: நிரந்தர ஆய்வுப்பொருள். இடம்: ராயபுரம் முதல் எண்ணூர் முகத்துவாரம் வரை. காலம்: பிறந்ததிலிருந்து. வேலை நேரம்: காற்றடிக்கும் நேரமெல்லாம். பணிகள்: சாம்பலை உள்ளிழுத்தல், ஆற்றில் எண்ணெய் வந்தால் மக்கிலும் பக்கெட்டிலும் அள்ளுதல், ஒரே கேள்விக்கு ஆண்டுதோறும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லுதல். உதவித்தொகை: ஒரே தடவை 7,500 ரூபாய். மீனவக் குடும்பமானால் 12,500. அனுபவச் சான்றிதழ்: எக்ஸ்ரே.

தொகையை நான் கற்பனை செய்யவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, கொசஸ்தலையாறும் படகும் வலையும் வீட்டுச் சுவரும் கறுத்தபோது அரசு அறிவித்த நிவாரணம் அது. ஒன்பதாயிரம் சொச்சம் குடும்பங்களுக்கு மொத்தம் 8.68 கோடி. கசிவு எங்களுடையதல்ல என்று சுத்திகரிப்பு ஆலை சொன்னது. அந்த எண்ணெயை அள்ளிய கைகளில் எழும்பிய அரிப்பைப் பற்றியும் ஒரு பிள்ளை வந்து கேட்டது. 'இல்லை, ஆம், சில நேரங்களில்.' மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்த மே மாதம் வரப்போகிற தம்பி தங்கைகளே, கேள்வித்தாளோடு இன்னொன்றும் எடுத்து வாருங்கள்: போன வருஷம் எங்களைக் கேட்டு எழுதிய அறிக்கையின் நகல். தமிழில் இருக்கட்டும். எத்தனை பேருக்கு வீசிங், எந்தத் தெருவில் அதிகம், எந்தப் புகைபோக்கிக்கு எவ்வளவு கிட்டத்தில் என்று அதில் இருக்க வேண்டும். கலெக்டர் ஆபீசுக்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் நாங்களே கொண்டுபோய்க்கொள்வோம். தாழங்குப்பத்தில் அக்காவிடம் கொடுத்தால் போதும், படித்துச் சொல்ல மகள் இருக்கிறாள். கொரியர் கம்பெனியில் பில் போடுகிறாள். இரவு எட்டு மணிக்கு மேல் வந்தால் வீட்டில் இருப்பாள்.