ஃபோர்க் அண்ணன்

ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தைப் பிரித்தெடுத்துத் தனி ஃபோர்க்காக நடத்துகிறார் ஃபோர்க் அண்ணன். அதன் கோடைத் திறந்தாலே அவருக்குக் கை நமநமக்கும். “யாருப்பா இன்னும் அந்தப் பழைய வி.எம்.எஸ். இயங்குதளத்தை ஓட்டுறான்?” என்பார். சாயங்காலத்துக்குள் அந்தக் கோப்புகள் இருக்காது. மறுநாள் எம்டி2 என்ற பழைய ஹாஷ் முறை போகும். அதற்கும் மறுநாள், யாரோ எந்தக் காலத்திலோ எழுதிவைத்த கமெண்டுகள். அவரிடம் போய், “அண்ணே, இன்னைக்கு எவ்வளவு எழுதினீங்க?” என்று கேட்டால் முகம் சுண்டிவிடும். எவ்வளவு அழித்தார் என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார்.

அவருக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பிளீட் ஓட்டை அம்பலமானது. எதிர்முனை சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பி, ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகத்தை அள்ளிக்கொடுத்த கோட் அது. ஓப்பன்பிஎஸ்டி இயங்குதள ஆட்கள் கோபத்தில் லிப்ரெஎஸ்எஸ்எல் என்று பிரிந்துபோய், முதல் வாரத்திலேயே சுமார் 90,000 வரிகளை வெட்டினார்கள். அந்த எண்ணை அண்ணன் குலதெய்வத்தின் பெயரைப்போல உச்சரிப்பார். வெட்டியவர்கள் அதன்பின் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பராமரித்தார்கள் என்ற பகுதி மட்டும் அவர் வாயில் வராது.

டெஸ்ட்? அதெல்லாம் பக்கா. இந்தச் சாவி, இந்தச் செய்தி, இந்த விடை வர வேண்டும் என்ற பழைய பட்டியலை ஓட்டுவார். திரை முழுக்கப் பச்சை. உடனே ஸ்க்ரீன்ஷாட் குழுவுக்கு வந்துவிடும். போன வாரம் சிவப்பாக நின்ற டெஸ்ட் எங்கே என்று தேடினால், அதுவும் அழித்த வரிகளின் கணக்கில் சேர்ந்திருக்கும். கோணலான கையெழுத்துகளையும் வளைகோட்டில் இல்லாத புள்ளிகளையும் வேண்டுமென்றே ஊட்டிப் பார்க்கும் வைச்ப்ரூஃப் டெஸ்டுகளை கூகுள் 2016-லேயே இலவசமாகக் கொடுத்துவிட்டது. அவற்றை ஓட்டலாமே என்றால், “அடுத்த ரிலீஸ்ல போட்டுடலாம்பா.”

பச்சை என்றதும் டெபியன் கதைதான் நினைவுக்கு வருகிறது. 2006-இல் வால்கிரைண்ட் கருவி ஏதோ முணுமுணுத்தது என்று டெபியன் லினக்ஸ் பராமரிப்பாளர் ஒருவர், விசாரித்துவிட்டுத்தான், ஓப்பன்எஸ்எஸ்எல்லிலிருந்து இரண்டு வரிகளை எடுத்தார். சாவிகள் உருவாயின, கையெழுத்திட்டன, சரிபார்ப்பிலும் தேறின. ஆனால் சாவியை யூகிக்க முடியாதபடி ஆக்கும் குலுக்கலுக்கு மிஞ்சியது பிராசஸ் எண் மட்டுமே. ஒரு வகைக் கணினியில், ஒரே வகை, ஒரே அளவுச் சாவிக்கு ஏறத்தாழ 32,768 சாத்தியங்கள்தான். 2008 மே மாதம்தான் விஷயம் வெளியே வந்தது. இதைச் சொன்னால் அண்ணன் பரிதாபமாகத் தலையாட்டுவார்: “தப்பான வரியை அழிச்சுட்டான் பாவம்.”

ஆனாலும் இந்த மனிதரை வெறுக்க முடியவில்லை. யாரும் திரும்பிப் பார்க்காத சான்றிதழ் பார்சரை நள்ளிரவில் வரிவரியாகப் படிப்பவர் அவர்தான், அதுவும் சல்லிக்காசு வாங்காமல். ஹார்ட்பிளீட்டுக்கு முன் மூலத் திட்டத்துக்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர்தான் நன்கொடை வந்தது. ஃபோர்க்குக்கு யார் தரப்போகிறார்கள்?

ஆனால் மூலத்தில் ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்த அன்று, “அந்தக் கோடை நாம எப்பவோ தூக்கிட்டோம்” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறாரே, அதுதான் பொறுக்கவில்லை. பல நேரம் அது உண்மை. எந்த நேரம் உண்மையில்லை என்பது அந்த நூலகத்தை நம்பி சர்வர் நடத்துபவருக்கு எப்படித் தெரியும்? அண்ணே, வரிகளைத் தாராளமாக அழியுங்கள். ஆனால் மூலத்தில் வரும் ஒவ்வொரு திருத்தமும் நம் ஃபோர்க்குக்குப் பொருந்துமா, பொருந்தாதா என்று அன்றே ஒரு வரி எழுதிப்போடுங்கள்.