நேரம் எங்கே இருக்கிறது?

கரையான்சாவடி வாசகர்: விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி, இருட்டிய பிறகுதான் இறங்குகிறேன். பிறருக்கு உதவ எனக்கு நேரம் எங்கே இருக்கிறது?

ஸ்ரீவைகுண்டம் குமரகுருபர சுவாமிகள் கலைக் கல்லூரியில் நூலகராக உழைத்து, பெற்ற சம்பளம் முழுவதையும் ஏழைப் பிள்ளைகளின் நலத்துக்கே ஈந்துவிட்டு, தம் சொந்த ஜீவனத்துக்காக ஓட்டலில் சர்வர் வேலையும் பார்த்த ‘பாலம்’ கலியாணசுந்தரத்துக்கு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? 2023-இல் பத்மஸ்ரீ அவரைத் தேடி வந்தது. நேரம் தேடி வரவில்லை, அவரே உண்டாக்கிக்கொண்டார்.

அதே வாசகர்: அவர் மகான், நான் சாமானியன். எனக்கு ஏற்றதாக ஒன்று சொல்லக் கூடாதா?

தங்கள் உடம்பில் ஓடுவதும் சாமானிய ரத்தந்தானே? அதுவே போதும்! 18 வயது நிரம்பி, 45 கிலோ எடையும் தேக ஆரோக்கியமும் உடைய ஒருவர் 350 மில்லி ரத்தம் அளிப்பதற்கு, ஊசி கையில் இருக்கும் நேரம் ஏறக்குறைய 10 நிமிஷம். பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசலில் பஸ் அசையாமல் நிற்பது பல நாள் அதைவிட அதிகம். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒரு முறையும், பெண்கள் 4 மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம்.

ஆனால் தள்ளிப்போடாதீர்கள். ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் தட்டணுக்கள் 5 நாளுக்குமேல் தாங்குவதில்லை. ஆதலால், புற்றுநோய் வார்டில் இன்று படுத்திருக்கும் குழந்தைக்கு, போன மாதம் எவரோ ஒரு புண்ணியவான் செய்த தட்டணு தானம் பயன்படாது. வரும் ஞாயிறு காலை தங்களுக்கு ஓய்வுதானே?