பந்து தேடு படலம்: பொதுத்திடல் கோல்ஃபில் மூன்று நிமிடக் கோட்பாடு குறித்த ஓர் ஆய்வு

கோல்ஃப் பற்றி எழுதிய பெருமக்கள் எல்லாரும் பந்தை அடிப்பதைப் பற்றியே எழுதினார்கள். மட்டையை எப்படிப் பிடிப்பது, இடுப்பை எப்போது திருப்புவது, தலையை ஏன் தூக்கக்கூடாது என்று அலமாரி அலமாரியாக நூல்கள் உண்டு. ஆனால் விடுமுறை நாளில் பொழுதுபோக்காக ஆட வருபவர், அடிக்கச் செலவிடும் நேரத்தைவிட அடித்ததைத் தேடச் செலவிடும் நேரமே அதிகம் என்பது கண்கூடு. இப்பெரும்பகுதியை அறிஞர்கள் புதருக்குள் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதை எடுத்துத் தருவதே நம் நோக்கம்.

ஆய்வுக்களம், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் உள்ள வான் கோர்ட்லண்ட் பூங்காத் திடல். 1895இல் திறக்கப்பட்ட இது, அமெரிக்காவின் முதல் பொது கோல்ஃப் திடல். ஒன்றாம் எண் ரயிலின் கடைசி நிலையத்தில் இறங்கி, மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போய்ச் சேரலாம். சங்க உறுப்பினராக வேண்டாம், சிபாரிசுக் கடிதம் வேண்டாம்; அன்றைய கட்டணம் போதும். தனியாகப் போகிறவரை, ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டர் முன்பின் அறியாத மூவரோடு சேர்த்துவிடுவார். இந்த மூவர்தாம் இவ்வாய்வின் உயிர்நாடி.

முதலில் சட்டம். 1744இல் எடின்பரோவை அடுத்த லீத்தில் எழுதப்பட்ட பதின்மூன்று விதிகளே கோல்ஃபுக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய விதித்தொகுப்பு. பந்தைத் தொலைத்தவர் கடைசியாக அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் வேறு பந்தைப் போட வேண்டும், எதிராளிக்கு ஓர் அடி விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. அன்றைய பந்து, தோலுக்குள் இறகை அடைத்துத் தைத்தது. கைதேர்ந்தவரும் ஒரு நாளில் சிலவற்றையே செய்ய முடியும். விலையும் அப்படி. ஆகவே தேடினார்கள், நியாயம்தான். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மலாயாப் பக்கத்து மரப்பாலில் செய்த மலிவான பந்து வந்து இறகுப் பந்தை ஒழித்துவிட்டது. அதற்குப் பின்னும் தேடல் குறையவில்லை. எனவே தேடலுக்குக் காரணம் பந்தின் விலையே என்னும் பொருளாதாரவாதிகள் கூற்று பொருந்தாது என்க.

இன்றைய விதி மூன்று நிமிடம் தருகிறது. 2019 வரை ஐந்தாக இருந்தது. இங்கே உரையாசிரியர்கள் கவனிக்கத் தவறிய நுட்பம் ஒன்றுண்டு: பந்துக்கு உரியவரோ அவருடைய மட்டைப் பையைச் சுமக்கும் கேடியோ தேடத் தொடங்கும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். தனிக்கணக்கில் ஆடும் மற்றவர்கள் தேடுவது கணக்கில் வராது. பொதுத்திடலில் கேடி ஏது? ஆக, அந்த மூவர் முன்னால் ஓடிப்போய்ப் புல்லைக் கிளறிக்கொண்டிருக்க, பந்துக்காரர் மட்டும் கோயில் பிராகாரம் சுற்றும் நிதானத்தில் நடந்து வருவதற்கு உறுதியான சட்ட அடிப்படை இருக்கிறது. (வேண்டுமென்றே தாமதித்தால் அதற்குத் தனித் தண்டனை உண்டு. அதை யாரும் நினைவுபடுத்துவதில்லை.)

தேடப்படும் பொருள் 42.67 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குறையாதது, 45.93 கிராமுக்கு மிகாதது. முழங்கால் புல்லில் இது கடுகு. மூவரும் ‘நான் பார்த்தேன், அந்த மரத்துக்கிட்டதான் விழுந்துச்சு’ என்பார்கள். மூவரும் காட்டுவது மூன்று மரம். சற்றுப் பொறுத்து உரியவர், ‘விடுங்க, போகட்டும், வேற போட்டுக்கிறேன்’ என்பார். இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. பந்தியில் ‘போதும்’ என்றவர் இலையில் இன்னொரு கரண்டி விழுவது போலவே, இச்சொல் கேட்டதும் மூவரும் முன்னிலும் மும்முரமாகக் குனிவார்கள். காலையில் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லிக்கொள்ளாதவர்கள், இந்தக் குனிவில்தான் ஒருவர் மற்றவருடைய முட்டிவலியையும் மகன் படிப்பையும் தெரிந்துகொள்கிறார்கள். விதியை வகுத்தவர்கள் இதற்கு நிமிடம் ஒதுக்கவில்லை.

உண்மையான கடிகாரம் பின்னால் இருக்கிறது. அடுத்துவரும் நால்வர், முதல் அடி அடிக்கும் இடமான டீயில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவருடைய ஒரு கை இடுப்பில் இருந்தால் தேடலைத் தொடரலாம். இரண்டு கையும் ஏறிவிட்டால் பந்து தொலைந்ததாகக் கொள்க. இந்நிலத்தை எத்திணையில் அடக்குவது என்பதில் நமக்கே ஐயம் உண்டு. பந்தைப் பிரிந்தவரை நோக்கினால் பாலை. பின்னால் காத்திருப்பவரை நோக்கினால் முல்லை. திணைமயக்கம் என்று அமைதி கூறி நகர்வதே நன்று.

இனிக் கண்டெடுப்பு. 1964இல் வந்த ‘கோல்டுஃபிங்கர்’ படத்தில், முதலாளியின் பந்து தொலைந்ததும் ஆட்ஜாப் என்னும் அடியாள் தன் கால்சட்டைக்குள் வழியவிட்டு இன்னொரு பந்தைப் புல்லில் இறக்குவான். தங்கக் கட்டி பந்தயத்தில் இருந்தது, கூலிக்குச் செய்தான். பொதுத்திடலில் பந்தயமும் இல்லை, கூலியும் இல்லை. ஆயினும் மூவரில் ஒருவர், ‘இதோ இருக்கே!’ என்பார். பந்து மரத்தடியில் விழுந்ததை எல்லாரும் பார்த்தார்கள்; கிடைத்ததோ நல்ல புல்தரையில், பச்சைக் கொடி நேராகத் தெரியும் இடத்தில். தன் பந்தில் முன்னரே மை வைத்து அடையாளமிட்டவர் மட்டும் ஒரு கணம் குனிந்து பார்ப்பார். பிறகு, ‘ஆமா, இதுதான்’ என்பார். பொய்ச்சாட்சி சொன்னவர் அன்று காலை வரை அந்நியர் என்பதே இதில் நாம் வியக்கும் செய்தி.

2019இல் உயர்மட்டப் போட்டியல்லாத ஆட்டங்களுக்காக ஓர் உள்ளூர் விதிக்கும் இடமளித்தார்கள்: திரும்பிப் போக வேண்டாம், தொலைந்த இடத்தின் அருகே, புல் வெட்டிய ஆட்டப்பாதையான ஃபேர்வேயில் போட்டு ஆடலாம், இரண்டு அடி தண்டம். வழக்காறு இதைப் பன்னெடுங்காலமாகவே செய்துவருகிறது. இரண்டு அடி தண்டத்தை மட்டும் வழக்காறு இன்னும் ஏற்கவில்லை. குழி முடிந்து ஸ்கோர் கார்டை எடுப்பவர், ‘எவ்வளவு?’ என்று கேட்டதும் உரியவர் வானத்தைப் பார்த்து எண்ணத் தொடங்குவார். எண்ணி முடிக்குமுன்பே, ‘ஆறு போட்டுக்குங்க’ என்று மூவரும் சொல்லிவிடுவார்கள்.

ஒன்று விடுபட்டது. இத்தேடலில் தேடிய பந்து கிடைக்காவிட்டாலும், முந்தைய நாள்களில் பிறர் தொலைத்த பந்து ஒன்றிரண்டு கிடைக்காமல் போவதில்லை. அதைத் துடைத்துப் பையில் போட்டுக்கொள்பவர், ஏரிப் பக்கம் அடிக்க வேண்டி வரும்போது தன் புதுப்பந்தை உள்ளே வைத்துவிட்டு அதைத்தான் எடுப்பார். அது தண்ணீரில் விழுந்தால் யாரும் தேடுவதில்லை.