கறிக்குழம்பு வைக்கச் சொன்னது யாரு?

ஏலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. போனைக் கவுத்து வையி. நீ இப்போ ஷெர்லாக் ஹோம்ஸ் படிக்கேன்னு ஊருக்கே ஸ்டேட்டஸ் போட்டிருக்கியாம்லா? பெட்டிக்கடை வரைக்கும் சேதி வந்தாச்சு. புஸ்தகமும் பக்கத்துல காப்பித் தம்ளருமா படம் வேற. நானும் பாத்தேன். போன வாரப் படத்துல அடையாள நூலு எங்கன தொங்குச்சோ, இந்த வாரமும் அங்கனயேதான் தொங்குது. அட்டையில ஒரு மடிப்பு இல்ல. காப்பி மட்டும் கொறைஞ்சிருக்கு. இதைக் கண்டுபிடிக்க லண்டன்ல இருந்தா ஆளு வரணும்?

மூஞ்சியத் தூக்காத. சீரியலைப் பாத்துட்டுப் புஸ்தகத்துக்கு வந்தவன்னு உன்னை நான் இளக்காரமாப் பேச மாட்டேன். இந்த ஊர்ல படிக்கிற பழக்கம் உள்ளவன்ல பாதிப்பேரு அந்த வாசல் வழியா வந்தவன்தான். 1978-ல 'ப்ரியா' வந்துது. நாங்க போனது ரஜினியையும் ஸ்ரீதேவியையும் பாக்க. வெளிய வரும்போதுதான் ஒருத்தன், "இந்த வக்கீல் கணேசு சுஜாதா கதையில வாற ஆளுல்லா"ன்னான். அப்புறம் லைப்ரரியில அந்தப் புஸ்தகத்துக்கு ஒரே தள்ளுமுள்ளு. பிரிச்சுப் பாத்தா, படத்துல சிங்கப்பூர்ல நடந்ததெல்லாம் புஸ்தகத்துல லண்டன்ல நடக்கு! சினிமாக்காரன் ஊரையே தூக்கிட்டுப் போயிட்டான், ஒரு போலீசும் பிடிக்கல.

அதுக்கு முந்தின வருஷம் 'காயத்ரி'ன்னு ஒரு படம். அதுவும் சுஜாதா கதைதான். அதுல கணேசு யாரு? ஜெய்சங்கர். வில்லன் யாரு? ரஜினி! ஒரே வருஷத்துல குத்தவாளிக் கூண்டுல இருந்து வக்கீல் கோட்டுக்கு மாறிட்டாரு. எங்க அய்யா காலத்துலயும் இதே கூத்துதான். வடுவூர் துரைசாமி ஐயங்கார் எழுதுன 'திகம்பர சாமியார்' 1950-ல படமா வந்துது. காலம்பூரா நாம திட்டித் தீர்த்த நம்பியார்தான் அதுல வேஷம் மாத்தி வேஷம் மாத்தித் துப்பறியுத கதாநாயகன்.

இதை எதுக்குச் சொல்லுதேன்? சினிமாவுல கொலைகாரனை மூஞ்சியே காட்டிக்குடுத்திரும். ரெண்டு சீன் மட்டும் வாற தோட்டக்காரன் வேஷத்துக்குப் பேரெடுத்த நடிகனைப் போட்டிருந்தாம்னா, முடிஞ்சுது சோலி. சும்மா செடிக்குத் தண்ணி ஊத்தவா அம்புட்டு சம்பளம் குடுப்பான்? புஸ்தகத்துல அந்த வசதி கெடையாது. தோட்டக்காரனுக்கும் ஜமீன்தாருக்கும் ஒரே மைதான்.

இதுக்கும் மேல ஒரு எத்தன் உண்டு. அகதா கிறிஸ்டி 1934-ல எழுதுன ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் கதைய 1974-ல படமா எடுத்தான். ஷான் கானரி, இங்கிரிட் பெர்க்மன், லாரன் பகால், அந்தோணி பெர்க்கின்ஸ்னு அந்த ரயில் பெட்டியில ஏறுனவன் எல்லாம் பேரு பெத்த ஆளு. இப்ப யாரைச் சந்தேகப்படுவே? நல்லா யோசி. நான் வாயத் தொறக்க மாட்டேன்.

சரி, உன் சங்கதிக்கு வாறேன். "சீரியல் பாத்தாச்சே தாத்தா, கொன்னது யாருன்னு தெரிஞ்சு போச்சே, இனி என்னத்தப் படிக்க?"ன்னு உள்ளுக்குள்ள ஒரு சோம்பல் உனக்கு. அட கூறுகெட்டவனே, இனிமேத்தான் படிக்கணும்! தெரியாமப் படிக்கிறவன் ஹோம்ஸ் பின்னால மூச்சு வாங்க ஓடுதான். தெரிஞ்சு படிக்கிறவன் எழுதுனவன் கையையே பாக்கான். எந்த வரியில துப்பை ஒளிச்சான், எந்த எடத்துல நம்மளப் பராக்குப் பாக்க வச்சான்னு அவனுக்குத்தான் தெரியும்.

'சில்வர் பிளேஸ்'னு ஒரு பந்தயக் குதிரைக் கதை, 1892-ல கோனன் டாயில் எழுதுனது. ஜெரமி பிரெட் ஹோம்ஸா நடிச்சு 1988-ல டி.வி.யிலயும் வந்துது. ஹோம்ஸ்னாலே காதை மூடுத தொப்பிய மாட்டி வுட்டிருதாம்லா, அந்த வேலைய ஆரம்பிச்சவரு பத்திரிகைக்குப் படம் வரைஞ்ச சிட்னி பேஜெட். டாயில் அது மாதிரித் தொப்பியச் சொல்லுதது இந்தக் கதையிலதான், அதுவும் ரயில் பயணத்துக்கு. அப்படிப் போகும்போதே ஹோம்ஸ் தந்திக் கம்பத்தைப் பாத்து, வண்டி மணிக்கு 53½ மைல் வேகத்துல போவுதுன்னு கணக்குச் சொல்லுவான். நீ ரயில்ல போனா சார்ஜர் குத்துத ஓட்டையத்தான பாப்பே.

கதை இதுதான். ராத்திரி குதிரை காணாமப் போவுது. குதிரையப் பழக்குனவன் வெளிய செத்துக் கெடக்கான். காவலுக்கு இருந்த பையன் சாப்பாட்டுல அபினைக் கலந்திருக்கு. கள்ளன் வந்தப்போ லாயத்து நாய் குரைக்கல. இந்த நாய் விசயம் உலகத்துக்கே தெரியும், நாலு பேரு கூடுன எடத்துல அதைச் சொல்லிப் பேரு வாங்கிருவான். என் கண்ணுக்குப் பட்டது வேற. அன்னைக்கு ராத்திரி அங்க என்ன சாப்பாடு? மசாலா போட்ட ஆட்டுக்கறிக் குழம்பு!

உங்க ஆச்சிக்கு இந்தக் கதைய வாசிச்சுக் காட்டுனேன். நாய் வாற பக்கத்துக்கு நான் போகவே இல்ல. முறத்துல இருந்து தலையத் தூக்காம, "குழம்பு வைக்கச் சொன்னது யாரு?"ன்னு கேட்டா. அம்புட்டுத்தான்! அபினு கசப்பு நாக்குல தட்டாம இருக்கணும்னா காரசாரமான குழம்புதான் தோது. வழிப்போக்கன் எவனாவது இன்னொருத்தன் வீட்டு அடுப்புல இன்னைக்கு இன்னதுதான் கொதிக்கணும்னு சொல்ல முடியுமா? ஹோம்ஸும் அந்த வழியாத்தான் போறான். அவனுக்கு மூளை, ஆச்சிக்கு அடுப்பு. குழம்பும் நாயும் ஒரே ஆளைத்தான் கை காட்டுது. ஆனா செத்தவனைக் கொன்னது யாருங்கது வேற சங்கதி. அங்கதான் டாயில் நம்ம தலையில மொளகா அரைக்கான்.

அதனால சொல்லுதேன், படிக்கிறத நாலு பேருக்குச் சொல்லு, வேண்டாங்கல. ஆனா தம்ளரைக் காட்டாத, கேள்வியக் காட்டு. "கறிக்குழம்பு வைக்கச் சொன்னது யாரு?"ன்னு ஒத்த வரி போடு. பதில் தெரியாதவன் தூக்கத்தைத் தொலைச்சிட்டுப் புஸ்தகத்தைத் தேடுவான். முடிவைப் போட்டு ஒடைச்சிராத. அது கல்யாண வீட்டுல பந்திக்கு முந்தி எலையைச் சுருட்டுத சாதி.

அப்படி ஒரு மகராசன் நம்ம ஊர் நூலகத்துலயும் உண்டு. துப்பறியும் கதைன்னா போதும், மொதப் பக்கத்துலயே பென்சிலால கொலைகாரன் பேரை எழுதிப்புடுவான். அழிச்சா தாளு கிழியும். நான் என்ன செய்யுதேன்னா, அவன் எழுத்து மாதிரியே அடியில இன்னும் நாலு பேரைச் சேத்து எழுதிருதேன். இப்ப எது நெசம்னு எவனுக்குத் தெரியும்? எல்லாத்துக்கும் இந்த மருந்து கேட்டுது, அந்த ஓரியண்ட் எக்ஸ்பிரசுக்கு மட்டும் கேக்கல. எத்தனை பேரைச் சேத்து எழுதுனாலும் அவன் வேலைய நானே செஞ்ச மாதிரி ஆயிருது. ஏன்னு படிச்சிட்டு வந்து என் காதுல மட்டும் சொல்லு.