பதினோராம் எண் கூண்டு

கேள்வி: செல்போனிலேயே புயல் எச்சரிக்கை வந்துவிடுகிறதே, கடலூர் துறைமுகத்தில் இன்னும் எதற்குக் கூண்டு ஏற்றுகிறார்கள்?
– வாசகர், சிதம்பரம்

பதில்: கரண்ட் போய் டவரும் படுத்துவிட்டால் செல்போனில் மணிதான் பார்க்கலாம். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் கரையேறியபோது கடலூர் பட்டபாடு நினைவிருக்கும். கூண்டுக்குக் கயிறும் கம்பமும் போதும்.

மொத்தம் 11 எண்கள். 10 என்றால் பெரும் அபாயம். அதற்கும் மேலே உள்ள 11-தான் எனக்குப் பிடித்தது: வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசமாகலாம் என்று பொருள். தனக்குக் காது கேட்கவில்லை என்பதையும் ஊருக்குச் சொல்லிவிடும் கருவி! பழுதான சைரனுக்கும் அணைந்துபோன தகவல் பலகைக்கும் இப்படி ஓர் எண் உடனே தேவை.

கருவி பேசினால் என்ன ஆகும் என்பதற்கு, கடலூருக்கு வடக்கே, புதுவையைச் சேர்ந்த நல்லவாட்டைப் பாருங்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போனில் எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி அதை முழங்கியது. ஊரே ஓடித் தப்பியது. அன்றாடம் புழங்கிய கருவி, அதனால் அன்றும் பேசியது. பழகிய குரல், அதனால் மக்கள் நம்பினார்கள். கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கமும் எச்சரிக்கைக் கருவிகளை மாதம் ஒருநாள் முன்கூட்டிச் சொல்லி ஒலிக்கவிட வேண்டும். ஒலிக்காவிட்டால், என்றைக்குச் சரியாகும் என்பதை மீன் ஏலம் போடும் இடத்திலேயே எழுதி ஒட்ட வேண்டும்.