கட்டுப்பல் விசாரம்

மனிதனாய்ப் பிறந்தவனுக்கு இறைவன் இருமுறை பல் கொடுக்கிறான். மூன்றாம் முறை வேண்டுமென்றால் பல் வைத்தியரிடம்தான் போக வேண்டும். முதலில் முளைக்கும் 20 பாற்பற்களும், பின்னர் முளைக்கும் 32 பற்களும் விலையின்றி வருவன ஆகையால், அவற்றின் பிரயோஜனம் யாது என்று எவரும் விசாரிப்பதில்லை. மூன்றாவது வரிசையோ ரொக்கம் கொடுத்து வாங்கப்படுவது. கொடுத்த ரொக்கத்துக்கு அது செய்யும் ஊழியம் இன்னது என்று நிர்ணயிக்க வேண்டிய கடமை அறிவுடையோருக்கு உண்டு. பல் என்பது மெல்லுவதற்கே என்பது உலகோர் கொள்கை. அக்கொள்கை இயற்கைப் பல்லின் விஷயத்தில் எவ்வளவு உண்மையோ, கட்டுப்பல்லின் விஷயத்தில் அவ்வளவு பொய் என்பதும், கட்டுப்பல்லானது காண்போர் பொருட்டும் கேட்போர் பொருட்டும் தரிக்கப்படும் ஆபரணமேயன்றி, உண்போர் பொருட்டு ஏற்பட்ட கருவி அன்று என்பதும் இவ்விசாரத்தின் சித்தாந்தம்.

முதற்கண் விஷயத்தை வரையறுப்போம். பல் விழுந்த இடத்தை நிரப்புவதற்கு வைத்திய சாஸ்திரம் மூன்று மார்க்கங்களைக் கூறும். விழுந்த இடத்தின் இருபுறமும் நிற்கும் பற்களைத் தேய்த்துச் சிறிதாக்கி அவற்றின்மேல் பாலம் அமைப்பது ஒன்று. தாடை எலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து, எலும்பு அதைத் தன்னோடு பற்றிக்கொண்ட பின்னர் அதன்மேல் பல்லை நாட்டுவது மற்றொன்று. சுவீடன் தேசத்துப் பிரோனெமார்க் என்பார் 1965ஆம் ஆண்டில் இம்முறையை முதன்முதலாக ஒரு மனிதரின் வாயில் நிறைவேற்றினார். வேண்டியபோது மாட்டி வேண்டாதபோது கழற்றும் செட்டு மூன்றாவது. முன்னிரண்டும் வாயோடு ஐக்கியமாகிவிடுவன ஆகையால், அவை எந்நேரத்தில் அணியப்படுகின்றன, எந்நேரத்தில் அகற்றப்படுகின்றன என்ற ஆராய்ச்சிக்கு இடங்கொடா. மூன்றாவதோ தன் சொந்தக்காரரின் உள்ளக் கருத்தைத் தினந்தோறும் வெளிப்படுத்திக்கொண்டிருப்பது. எனவே பல்செட்டு என்று ஜனங்கள் வழங்கும் அதையே இங்கே எடுத்துக்கொண்டோம்.

இனி, பிரமாணம் மூன்றனுள் பிரத்தியட்சத்தை முதலில் நோக்குவோம். பல் கட்டும் வைத்தியர் முதலில் ஈறுகளின்மேல் அச்செடுக்கிறார். அவ்வச்சில் சாந்து வார்த்து வாயின் பிரதிமையை உண்டாக்குகிறார். மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் உள்ள சம்பந்தத்தை மெழுகுக் கட்டைகளால் அளந்துகொள்கிறார். பின்னர் மெழுகிலே பற்களை அடுக்கி, அச்சுப் பிசகாமல் இருக்கிறதா என்று வாயில் வைத்து ஒத்திகை பார்க்கிறார். அந்த ஒத்திகை தினத்தில் அவர் நோயாளியின் கையில் கொடுப்பது யாது? கண்ணாடி, முறுக்கு அன்று. பல்லின் நிறம் முகத்துக்குப் பொருந்துகிறதா, உதடு எடுப்பாக இருக்கிறதா, சிரித்தால் எவ்வளவு தெரிகிறது என்றே இருவரும் ஆலோசிக்கின்றனர். ‘சீடையைக் கடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்ற பேச்சு அங்கே எழுவதே இல்லை. எழுந்தால் மெழுகு தாங்காது என்பர் வைத்திய பட்சத்தார். மெழுகு தாங்காத ஒரு பரீட்சையை விடுத்து, தாங்கக்கூடிய பரீட்சையையே நடத்தித் தேர்ச்சி கொடுப்பது, எதை உத்தேசித்துப் பொருள் செய்யப்படுகிறது என்பதை உணர்த்தவில்லையா?

அடுத்தது கலியாண வீடு. முகூர்த்தம் முடிந்து போட்டோக்காரர் விளக்குகளை நிறுத்தியதும், “அப்பா, செட்டை மாட்டிக்கொண்டு வாருங்கள்” என்று மூத்த மகன் மெல்லிய குரலில் சொல்ல, பெரியவர் தூணுக்கு அப்பால் முகத்தைத் திருப்பிச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அணிந்து, பத்து வயது குறைந்தவராய் மேடையேறுகிறார். அரைமணிக்குப் பின்னர் பந்தி விரிகிறது. இலையில் அப்பளமும் வடையும் பாயசமும் வந்து சேர்ந்த அதே நிமிஷத்தில், மெல்லுவதற்கு என்றே பெயர் பெற்ற அச்சாதனம் கைக்குட்டையில் சுற்றப்பட்டுப் பழையபடி பைக்குள் போய்ச் சேருகிறது. அப்பளத்தை ரசத்தில் ஊறவிட்டும், வடையைச் சாம்பாரில் கரையவிட்டும், கெட்டிப்பட்ட ஈறுகளின் சகாயத்தாலேயே அவர் போஜனத்தை முடிக்கிறார். வெற்றிலைத் தட்டு வரும்போதோ, பல் கட்டிய பிறகும் வீட்டைவிட்டு வெளியேற்றப்படாத அந்தச் சிறிய இரும்பு உரலே பாக்கை இடித்துக் கொடுக்கிறது. புதுப்பல் உண்மையில் மெல்லுமாயின் இரும்பு உரல் பழைய சாமான்காரரிடம் போயிருக்க வேண்டும் என்பது தெளிவு.

இரண்டாவது, அனுமானப் பிரமாணம். இயற்கைப் பல் எலும்புக்குள் வேர் ஊன்றி நிற்பது. செட்டோ மெல்லிய ஈற்றுத் தோலின்மேல் உட்கார்ந்திருப்பது. முழுச் செட்டு அணிந்தவரின் கடிக்கும் பலம் இயற்கைப் பல்லுடையவரின் பலத்தில் கால் பங்கைத் தாண்டுவது அரிது என்று அளந்தவர்கள் சொல்வர். மேல் செட்டு அண்ணத்தில் நிற்பதற்குக் காரணம், ஈரம் பட்ட இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்வதுபோல, உமிழ்நீரின் மெல்லிய படலம் செட்டையும் அண்ணத்தையும் பிணைத்து வைப்பதே. ஓரத்தில் காற்றுப் புகாதவரையில் இப்பிணைப்பு நிலைக்கும். முன்பல்லால் முறுக்கைக் கடித்தால் முன்புறம் அழுந்திப் பின்புறம் கிளம்ப, அங்கே காற்று நுழைந்து, செட்டு தன் ஸ்தானத்தைவிட்டு இறங்கிவிடுகிறது. கீழ்ச் செட்டின் கதி இன்னும் பரிதாபகரமானது: அதற்குப் பற்றிக்கொள்ள அண்ணமும் இல்லை, நடுவிலே நாக்கு என்னும் ஓயாத பிராணி வேறு. கொய்யாப்பழத்தின் விதை ஒன்று அடியில் புகுந்துவிட்டால் மகா பாரமாகிவிடுகிறது. காபியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செட்டு செய்யப்படும் அக்ரிலிக் உஷ்ணத்தை எளிதில் கடத்தாத பொருளாகையால், அண்ணம் அறிய வேண்டிய சூட்டைத் தொண்டையே முதன்முதலில் அறிகிறது. பல் போன பிறகு தாடை எலும்பு வருஷந்தோறும் தேய்ந்துகொண்டே போவதால், இன்று இறுக்கமாய் இருக்கும் செட்டு சில வருஷங்களில் தளர்ந்து, உட்புறம் புதிதாகப் பூசப்பட வேண்டியதாகிறது. இத்தனை குறைகள் ஒரு கருவிக்கு இருக்குமாயின் அதை எவரும் வாங்கார். ஆபரணத்துக்கு இருக்குமாயின் அதை ஒருவரும் பொருட்படுத்தார். ஜனங்கள் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே அது ஆபரணம்.

மூன்றாவது, பெரியோர் சரித்திரம். இத்தாலியில் ரோமானியருக்கு முன் வாழ்ந்த எட்ரஸ்கர்கள் பொன் பட்டையால் பல்லைக் கட்டினர். அக்கட்டுக்கள் பெரும்பாலும் பெண்களுடையனவே என்றும், அவை அலங்காரத்தின் பொருட்டே அணியப்பட்டன என்றும் ஆராய்ந்தோர் கருதுவர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் ஜனாதிபதி வாஷிங்டன் 1789இல் பதவியேற்றபோது அவருடைய வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்று இருந்தது. மரப்பல் வைத்திருந்தார் என்று குழந்தைகளுக்குச் சொல்லும் கதை தவறு; ஜான் கிரீன்வுட் என்னும் வைத்தியர் அவருக்கு நீர்யானைத் தந்தத்தால் செட்டுக்கள் செய்து கொடுத்தார். 1793இல் இரண்டாம் முறை பதவியேற்றபோது அவர் ஆற்றிய பிரசங்கம் 135 சொற்களே கொண்டது. அத்தேசத்து ஜனாதிபதிகளின் பதவியேற்புப் பிரசங்கங்களில் அதைவிடச் சிறியது இன்றுவரை இல்லை. காரணம் பல்லே என்று சரித்திராசிரியர் எழுதவில்லையாயினும், ஊகிப்பதற்கு அவர்களுடைய அனுமதி தேவையில்லை.

ஆபரணங்களின் சரித்திரத்தில் பிறர் துயரம் கலந்திருப்பது வழக்கம், இதிலும் அவ்வாறே. அதே வாஷிங்டனின் 1784ஆம் வருஷத்துக் கணக்கில், கறுப்பின மக்களிடமிருந்து 9 பற்கள் வாங்கியதற்கு 122 ஷில்லிங் செலவு எழுதப்பட்டிருக்கிறது. 1815இல் வாட்டர்லூப் போர்க்களத்தில் மாண்ட இளம் வீரர்களின் பற்கள் பிடுங்கப்பட்டு, சீமான்களின் வாய்களில் ஏறின. ‘வாட்டர்லூப் பற்கள்’ என்ற பெயரும் நிலைத்தது. பசிக்காக இவ்வளவு கொடுமை நடந்திருக்குமாயின் ஓரளவு மன்னிக்கலாம். அக்காலத்துச் செட்டுக்களோ சுருள்வில்லால் வாய்க்குள் நிறுத்தப்பட்டு, சாப்பாட்டு வேளையில் பெரும்பாலும் கழற்றி வைக்கப்பட்டன என்பதை நினைக்கும்போது, புன்னகையின் விலை எவ்வளவு என்பது விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், குட்இயர் சகோதரர்களின் முயற்சியால் கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பராகிய வல்கனைட் வந்து, செட்டைச் சாமானியரும் வாங்கும்படி செய்தது. அந்த ரப்பரின் உரிமையைக் கையில் வைத்திருந்த கம்பெனி வைத்தியர்களை ஓயாமல் வழக்குக்கு இழுத்ததால், அதன் பொக்கிஷதாரர் ஜோசையா பேக்கன் 1879இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பல் வைத்தியரால் சுட்டுக் கொல்லப்பட்டார். இப்படி உயிர்ச்சேதத்தோடு நிலைபெற்ற வல்கனைட்டை 1930களில் அக்ரிலிக் வந்து துரத்தியது. வல்கனைட் உழைப்புக்குப் பெயர் போனது. அதன் குற்றமெல்லாம் ஈற்றின் நிறம் அதற்கு ஏறவில்லை என்பதே. உழைக்கும் பொருளை அழகிய பொருள் வென்ற இந்த ஒரு திருஷ்டாந்தமே நம் சித்தாந்தத்துக்குப் போதுமானது.

செவியின் பொருட்டான சாட்சி பிரிட்டிஷ் பிரதமராயிருந்த சர்ச்சில். சிறுவயது முதல் அவருக்கு இருந்த ஸகாரக் குழறலை உலகமே கேட்டுப் பழகிவிட்டது ஆகையால், அது மாறிவிடாதபடி அவருடைய மேல் செட்டு வேண்டுமென்றே சற்றுத் தளர்வாகச் செய்யப்பட்டது. அவருடைய செட்டுக்களுள் ஒன்று 2010இல் 15,200 பவுனுக்கு ஏலம் போயிற்று. மெல்லும் சௌகரியத்தைத் தியாகம் செய்து பிழையான உச்சரிப்பைக் காப்பாற்றிய அச்செட்டைக் கருவி என்பார் யார்? நம் இலக்கணத்திலும் இதற்கு இடமுண்டு. எழுத்துப் பிறக்கும் ஸ்தானங்களுள் பல்லையும் அண்ணத்தையும் சேர்த்து எண்ணுகிறார் தொல்காப்பியர். தகரமும் நகரமும் மேல்பல்லின் அடியிலும், ரகரமும் ழகரமும் அண்ணத்திலும் நாக்குப் பொருந்துவதால் உண்டாவன. மேல் செட்டு இவ்விரு ஸ்தானங்களையும் ஒருங்கே மூடிவிடுவதால், கட்டுப்பல் தரித்த புலவரின் நாக்கு அவ்வெழுத்துக்களை அக்ரிலிக்கிலேயே பிறப்பிக்கிறது. அவற்றை இயற்கை எழுத்தென்று கொள்வதா, சார்பெழுத்தென்று கொள்வதா என்பதை இலக்கணிகள் தீர்க்கட்டும்.

இனிப் பூர்வபட்சி ஒருவர் ஜப்பானை எடுத்துக்காட்டி ஆட்சேபிக்கலாம். 1538இல் காலமான பௌத்த பிக்ஷுணி ஒருவரின் மரப்பல் செட்டு வாகாயாமாவில் இருக்கிறது. அந்நாட்டுச் செட்டுக்கள் மேலைநாட்டார் அறியுமுன்னரே ஈற்றோடு பொருந்தி நிற்கும்படி செதுக்கப்பட்டன. பிற்காலத்தில் கடைவாய் இடத்தில் உலோக ஆணிகளும் அறையப்பட்டன. ஆணி மெல்லுவதற்கன்றி அழகுக்காமோ என்பது கேள்வி. இதற்குச் சமாதானம் எளிது. ஆணி கடைவாயில் அறையப்பட்டதேயன்றி, சபையோர் பார்க்கும் முன்வாயில் அறையப்படவில்லை. காண்போரின் உரிமை அங்கும் காக்கப்பட்டது. பிக்ஷுணியோ முகத்தைத் துறந்தவர். காட்டுவதற்கு முகமில்லாதவருக்குப் பல் மெல்லுவதற்கே பயன்படும் என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். இல்லறத்தாருக்கு அவ்விதி செல்லாது.

இதனால் கட்டுப்பல் தரித்தோர் மூவகையினர் ஆவர். விருந்தினர் வந்தால் மட்டும் அணிவோர் உத்தமர். பகலெல்லாம் அணிந்து இலை போட்டதும் கழற்றுவோர் மத்தியமர். சிறு துண்டுகளாக்கி, இரு பக்கமும் சமமாக வைத்து, பொறுமையோடு அதனாலேயே மென்று உண்போர் அதமர். வைத்தியர்கள் இம்மூன்றாம் வகையினரையே மெச்சுகின்றனர் என்பது அவர்கள் சாஸ்திரம் அறிந்தும் உலகம் அறியாதவர்கள் என்பதற்கு அத்தாட்சி. இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும், உலர்ந்தால் உருக்குலையும், ஈற்றுக்கும் இளைப்பாறுதல் வேண்டும் என்ற அவர்களுடைய விதியை மட்டும் மூவரும் ஒருமனதாக அனுசரிக்கின்றனர்.

எஞ்சியது வியவகார நிர்ணயம் ஒன்றே: செட்டின் செலவு யாரைச் சாரும்? ஒரு பொருளின் பலனை எவன் அனுபவிக்கிறானோ அவனே அதன் கிரயத்தைக் கொடுக்கக் கடவன் என்பது நியாயம். தம் முகத்தைத் தாம் காணாத பெரியவர் அதனால் அடையும் பலன் ஒன்றுமில்லை. போட்டோவைச் சுவரில் மாட்டுகிறவர்களும், சம்பந்தி வீட்டார் முன்னிலையில் தலைநிமிர்ந்து நிற்கிறவர்களும் பிள்ளைகளே. எனவே பணம் கொடுப்பது அவர்கள் கடமை. செட்டும் அவர்கள் சொத்தே. பெரியவர் அதைத் தம் வாயில் வைத்துக் காத்துவரும் தர்மகர்த்தா மாத்திரமே. ‘இவ்வளவு பணம் கொடுத்துக் கட்டியும் சாப்பிடும்போது கழற்றி வைக்கிறாரே’ என்று முறையிடும் மகன், தன் சொத்து தேயாமல் இருப்பதற்காக அவருக்கு நன்றி செலுத்த வேண்டியவன். அவருடைய பசி அவருக்குரியது. அதற்கு வேண்டிய முறுக்கை உரலில் இட்டு நன்றாக இடித்துக் கொடுப்பதே அவன் செய்யத்தக்கது.