நெட் டு போன் காலம்

2002 ஏப்ரல் 1 முதல் கம்ப்யூட்டரிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்குப் பேசலாம் என்று அரசு அனுமதித்ததும், கும்பகோணத்தில் எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டர் வாசலில் ‘நெட் டு போன்’ என்று பலகை தொங்கியது. எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவுக்குள், நிமிடத்துக்கு 40 ரூபாய்க்கு மேல் ஓடும் மீட்டரைப் பார்த்தபடியே பேசிப் பழகிய எங்களுக்கு, நியூஜெர்சி அக்கா பக்கத்துத் தெருவுக்கே குடிவந்துவிட்ட மாதிரி இருந்தது. அதே கம்ப்யூட்டரிலிருந்து தஞ்சாவூர் சித்தப்பாவின் போனுக்குப் பேச மட்டும் விதி இடம் தரவில்லை; அமெரிக்கா கிட்டே வந்தது, தஞ்சாவூர் இருந்த இடத்திலேயே இருந்தது.

உங்களுக்கும் அந்தப் பிளைவுட் தடுப்புகள் நினைவிருக்கும். பஞ்சு பிய்ந்த ஹெட்போன், திரையில் போன் பொத்தான்களின் படம், அதன் ஓரத்தில் கரைந்துகொண்டே வரும் மிச்சத் தொகை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா தலைவாரி, பூ வைத்து, நல்ல புடவை கட்டிக்கொண்டுதான் கிளம்புவாள். யாரும் பார்க்கப் போவதில்லையே என்றால், “என் பொண்ணுகிட்ட பேசப் போறேன்டா” என்பாள். அந்தக் கிளம்பலில் இருந்த சந்தோஷம் இப்போது எந்த அழைப்பிலும் இல்லை.

பேச்சைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி இணையத்தில் அனுப்பி, அமெரிக்காவில் மறுபடி கோத்து, அக்கா வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த சாதாரண போனுக்குக் கொண்டு சேர்ப்பார்கள். அவளுக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். பாதையில் நெரிசல் என்றால் சில துண்டுகள் வந்து சேராது. “மாப்பிள்ளைக்கு ஜுரம் விட்டுதா?” என்பது அங்கே “...பிள்ளைக்கு ...ம் விட்டுதா” என்று போய், குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று அக்கா பதறுவாள். வந்து சேர்ந்ததும் தாமதமாகத்தான் வரும். இருவரும் சேர்ந்து பேசுவார்கள், சேர்ந்து நிறுத்துவார்கள். கடைசியில் அம்மாவே வழி கண்டுபிடித்தாள்: தன் பேச்சு முடிந்ததும் “சொல்லு” என்பாள், அக்காவும் அப்படியே. வீட்டில் யாரையும் ஒரு வாக்கியம் முடிக்க விடாத அம்மா, அந்த நாற்காலியில் மகளின் பேச்சைக் கடைசிச் சொல்வரை கேட்டாள்.

கூடவே சென்டரே கேட்டது. “மைக் இருக்கும்மா, மெதுவாவே பேசுங்க” என்று சொல்லும் பையன், அடுத்த வாரம் நுழைந்ததுமே, “அக்கா பாப்பா நடக்க ஆரம்பிச்சிருச்சா?” என்று விசாரிப்பான்.

2003இல் ஸ்கைப் வந்தது, மறு வருடமே அதிலிருந்து சாதாரண போனுக்கும் பேச முடிந்தது. 2025 மே மாதம் அதையும் மூடிவிட்டார்கள். இப்போது வாட்ஸ்ஆப்பில் காசில்லாமல், தினமும், முகம் பார்த்தே பேசுகிறார்கள். பேத்தி சிரிப்பதை அம்மா பார்க்கிறாளே, அதற்கு ஈடாக எதையும் நான் கேட்க மாட்டேன். ஆனாலும், தாமதம் போன பிறகு இருவரும் பழையபடி ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்துவிடுகிறார்கள். சமையலறையிலிருந்து போனைத் தாங்கிவரும் அம்மாவிடம், அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டால், “எங்க சொல்ல விட்டா? நாளைக்குக் கேக்கறேன்” என்கிறாள்.